பொருந்துவதெல்லாம் உண்மையா?

ஜொகூர், ஸ்கூடாயில் முதுகலை படித்தபோது சிலிக்கான் நுண்துகள்களின் ஒளி அணைவதை அளந்தேன். லேசர் பட்டதும் எலெக்ட்ரானும் துளையும் பிரியும். மறுபடி சேர்ந்தால் ஒளி. வழியில் மேற்பரப்புக் குறையொன்றில் எலெக்ட்ரான் மாட்டிக்கொண்டால் ஒளி தாமதமாகும், இல்லை வராமலே போகும்.

எல்லாத் துகளும் ஒன்றுபோலிருந்தால் ஒரே அடுக்குக்குறி வளைவு போதும். என் புள்ளிகள் அதில் உட்காரவில்லை. இரண்டு வளைவுகளைக் கூட்டினேன், பொருந்தியது. லெய்டன் ஜாடியில் எஞ்சிய மின்னூட்டம் வடிவதை விளக்க 1854இல் கோல்ராஷ் எழுதிய நீட்டிய வளைவும் பொருந்தியது. முதலாவது, பொறிகள் இரண்டே வகை என்கிறது. மற்றது, எண்ணற்ற வகை என்கிறது.

‘இரண்டு வகை’ என்றால் கட்டுரை சுத்தமாக முடியும். “ரெண்டும் பொருந்துதுன்னா, நீ எதம்மா நம்புறே?” என்றார் மேற்பார்வையாளர்.

பொய் சொல்ல எண்களைத் திருத்த வேண்டியதில்லை. பொருந்திய இன்னொன்றை மறைத்தாலே போதும். மனிதர்களிடமும் அப்படித்தான். ஒருவர் பேச்சு குறைந்தால், நமக்குத் தோதான காரணத்தைப் பொருத்திவிட்டு, புரிந்துவிட்டது என்கிறோம்.

இரண்டு வளைவுகளையும் ஆய்வேட்டில் போட்டேன். பிறகு வெப்பநிலையை மாற்றி மறுபடி அளக்க உட்கார்ந்தேன்.