அபிமானமும் அளவும்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிற நாம், அந்தப் பொன்குஞ்சின் கதி பிற்பாடு என்ன ஆகிறதென்று விசாரிப்பதில்லை. விசாரித்தவர் ஒருவர் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்தில் கண்ணாடி வில்லை தேய்த்துக்கொண்டு, எளிய வாடகை அறைகளில் காலம் கழித்த தத்துவஞானி ஸ்பினோஸா.

1632இல் ஆம்ஸ்டர்டாமில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, 1656இல் தம் ஜனங்களாலேயே பிரஷ்டம் செய்யப்பட்ட அவர், ‘எதிக்ஸ்’ என்னும் தம் பெருநூலில், க்ஷேத்திரகணிதக்காரர் கோட்டையும் வட்டத்தையும் ஆராய்கிற அதே நிதானத்தோடு மனவிகாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து இலக்கணம் வகுக்கிறார். துவேஷத்தினால் ஒருவரை நியாயத்துக்குக் கீழே மதிப்பதும், அன்பினால் நியாயத்துக்கு மேலே மதிப்பதும் ஆகிய இரண்டும் எக்காலத்திலும் தீயவையே என்பது அவர் தீர்ப்பு. துவேஷம் தீதென்று சொல்ல ஸ்பினோஸா வரவேண்டியதில்லை. அன்பையும் அதே கூண்டில் கொண்டுவந்து நிறுத்துகிறாரே, அங்கேதான் வாசகன் திடுக்கிடுகிறான். அதற்கு அடுத்த சூத்திரத்திலேயே காரணம் வருகிறது: மிகையாக மதிக்கப்பட்டவன் எளிதில் கர்வியாகிறான். கர்வமோ, விழித்த கண்ணோடு கனவு காணும் ஒருவகைச் சித்தப்பிரமை.

மாணவனைச் சற்று உயர்த்தி எண்ணினால்தானே அவன் உயர்வான் என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் வரப்போவதை நம்பிக் காத்திருப்பது வேறு. வராததை வரவில் எழுதிக்கொள்வது வேறு. இரண்டாவதைச் செய்கிற ஆசிரியர் பையனுக்குச் செய்வது உபகாரமாகாது. அப்படியானால் தன்னைத் தாழ்த்திக்கொள்வதே மருந்தோ என்றால், அதையும் ஸ்பினோஸா புண்ணியமாக ஒப்பவில்லை. பணிவுடையோராய்த் தோன்றுவோரில் பெரும்பாலோர் புகழாசையும் பொறாமையும் மிகுந்தவர் என்கிறார். ‘அடியேன்’ என்று ஆரம்பித்து இரண்டு மணி நேரம் பேசும் பிரசங்கிகளைக் கேட்டிருப்பவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

தனி மனிதனைப் பிடித்த இந்த மிகைமதிப்பு நோய் மனித ஜாதி முழுவதையும் பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு, அந்நூலின் முதற்பாகத்துப் பின்னுரையே விடை. கண் இருப்பது காண்பதற்கு, பல் இருப்பது மெல்லுவதற்கு, பயிரும் பிராணியும் நம் ஆகாரத்துக்கு, சூரியன் நம் வெளிச்சத்துக்கு என்று எண்ணிப் பழகிய மனிதன், இவற்றையெல்லாம் தனக்காகவே சமைத்துக் கொடுத்த ஒரு கர்த்தாவையும் தன் சாயலிலேயே கற்பித்து, அவருடைய விசேஷ கடாக்ஷம் தன்மேல் விழவேண்டுமென்று அவரை ஆராதிக்கிறான். பூகம்பமும் பிணியும் வந்தாலோ, தன் பூஜையில் ஏதோ குறை என்கிறான். பக்தியென்று நாம் மதிப்பதில் எவ்வளவு பாகம் இந்தச் சுயமதிப்பு என்பதை ஆஸ்திகர்களும் யோசிக்கவேண்டும்; பகவானைக் கணக்கில் சேர்க்காத நாஸ்திகர்களுக்கும் மனிதனைப் பற்றிய மிகைமதிப்பில் குறைவில்லை.

புகழை வெறுக்கச் சொல்லி நூலெழுதும் தத்துவஞானிகளும் அந்த நூலில் தம் பெயரைப் பொறிக்கத் தவறுவதில்லை என்ற பண்டை ரோமானியப் பேச்சாளர் சிஸெரோவின் பரிகாசத்தை ஸ்பினோஸா தம் நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார். 1677இல் அவர் காலமானபின், அதே ஆண்டில் நண்பர்கள் அந்நூலை அச்சிட்டபோது, அவர் விரும்பியபடியே முழுப்பெயரை விடுத்து முதலெழுத்துக்களை மட்டும் போட்டார்கள்.