வலையும் விரதமும்

கத்தரியும் தக்காளியும் மாதுளையும் பயிரிட்டு வளர்க்கும் இல்லறத்தார், தம் காயை அணிலும் கிளியும் எலியும் கடித்திருக்கக் காணும்போது அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. பயிரைக் காப்பது நம் கடமையா? காக்கும்போது ஓர் உயிர் துன்புற்றால் அவ்வினை நம்மைச் சாருமா?

நம் ஆன்றோர் ஹிம்சையை நான்காகப் பகுத்தனர். கொல்லுதல் வேண்டும் என்று எண்ணியே செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்பி. உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்யோகி. தம்மையும் தம் உடைமையையும் காக்கும்போது நேர்வது விரோதி. இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் அறவே விலக்குதல் வேண்டும்; ஏனையவற்றை இயன்ற அளவு குறைத்தல் வேண்டும்.

"எலிக்கு நஞ்சு வைப்பதும் உடைமையைக் காப்பதற்கே, ஆதலின் அது விரோதி ஹிம்சையே" என்று கூறுவோர் உளர். இக்கூற்று பொருந்தாது. வேறு வழி இல்லாதபோது நேர்வதே விரோதி. கொல்லாமல் காக்கும் வழி கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது நஞ்சை நாடுவது, காவல் என்னும் பெயர் பூண்ட சங்கல்பியே ஆகும். அந்த மற்றொரு வழிதான் வலை.

எனினும், வலை கட்டியவுடனே விரதம் நிறைவேறிவிட்டது என்று எண்ணலாகாது. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரம் அஹிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து குற்றங்களைக் கூறுகின்றது. உறுப்பை அறுத்தல், கட்டுதல், வருத்துதல், மிகுபாரம் ஏற்றுதல், உணவைத் தடுத்தல் என்பன அவை. தவறாகக் கட்டிய வலை இவற்றுள் சிலவற்றை ஒருங்கே செய்துவிடும். வேலியாகத் தொங்கவிட்ட பழைய மீன்வலையில் சாரைப்பாம்பு தலையை நுழைக்கும். செதில்கள் நூலில் மாட்டிக்கொள்வதால் அது பின்வாங்க இயலாது. முன்னேற முயலுந்தோறும் நூல் உடலை அறுக்கும். வௌவாலின் சிறகும் பறவையின் காலும் இவ்வாறே சிக்குகின்றன. நஞ்சால் நேரும் சாவினும் இது நெடிய துன்பம்.

ஆகவே, வலையின் கண்ணளவும் அறத்தின்பாற்பட்டதே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வீட்டுத் தோட்டப் பழமரங்களை மூடும் வலையின் கண், இழுத்த நிலையில் 5 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்னும் விதி 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எளிய சோதனை ஒன்றுண்டு: விரல் நுழையுமாயின் அவ்வலை ஆகாது. நூல் மெல்லிய நரம்பாக இராமல் தடித்த பின்னலாக இருத்தல் நன்று. கறுப்பினும் வெண்ணிற வலை இருளில் உயிர்களின் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும். செடியின்மேல் தளர்வாகப் போர்த்தாமல், மூங்கிற் சட்டம் அமைத்து அதன்மேல் விறைப்பாக இழுத்துக் கட்டுதல் வேண்டும்.

இரண்டு வலைத் துண்டுகளை இணைக்குமிடத்தில் மேலும் கவனம் தேவை. ஓரங்கள் இரண்டையும் நான்கு விரல் அகலம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, கண்தோறும் நூலை நுழைத்துத் தைத்து, ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சு இடுதல் வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாக முடிந்துவிட்டால் இடையே வாய் திறக்கும். அதன்வழி உள்ளே புகும் அணில் வெளியேறும் வழியை அறியாது, காவல் சிறையாகிவிடும். கீழ் ஓரத்தையும் தரையோடு பொருந்த அழுத்திவைத்தல் வேண்டும். பூசணி போன்றவை காய்க்கத் தேனீ வேண்டும். அவை பூக்குங்காலத்தில் காலைதோறும் வலையை விலக்கிவைக்க வேண்டும். காலையும் மாலையும் வலையைச் சுற்றிப் பார்ப்பதும், அறுவடைக்குப்பின் அதைச் சுருட்டி உள்ளே வைப்பதும் இன்றியமையாதன.

சோர்வோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்வதே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. நல்லெண்ணத்தோடு கட்டினோம் என்பது மட்டும் போதாது. கட்டியபின் மறந்துவிடுவதும் சோர்வே.

இனி எஞ்சுவது, உணவைத் தடுத்தல் என்னும் குற்றம். நாம் கட்டிவைத்துள்ள பசுவைப்போலக் கிளி நம்மையே நம்பி வாழ்வதன்று. ஆயினும், அது மேய்ந்த நிலத்தில்தான் நாம் வீடும் தோட்டமும் அமைத்தோம். உடைமைக்கு அளவு வகுக்கும் விரதம் இங்குத் துணைநிற்கின்றது. குடும்பத்திற்குத் தேவையான அளவுக்கு வலை கட்டுவோம். ஒரு மரத்தையேனும் வலையின்றி விடுவோம். எவ்வளவு நமக்குப் போதும் என்று வகுத்துக்கொண்ட பிறகே வேலிக்கு நியாயம் பிறக்கின்றது.

நம் இளைய தலைமுறையினர்க்குக் கொல்லாமையை ஏட்டில் மட்டும் கற்பித்தல் போதாது. வலையின் கண்ணில் விரலை வைத்துப் பார்க்கவும், இணைப்பை ஒழுங்காகத் தைக்கவும், விடியற்காலையில் சென்று நோக்கவும் அவர்களைப் பழக்குவோமாக.