நிறுத்தலாம் என்று சொல்கிறவர்

சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி ஓசூர் சாலையில் தெற்கே போனால் பொம்மனஹள்ளி. கார்மெண்ட்ஸ் ஷிப்ட் விடும் நேரத்தில் அந்தச் சாலையோரத்தில் கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் தாராளமாகக் கேட்கும். அதே சாலைதான் எலக்ட்ரானிக்ஸ் சிட்டி வழியாக பயோகான், சின்ஜீன் போன்ற நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களுக்கும் போகிறது. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு, பொம்மனஹள்ளியில் ஏறி ஒரே ரயிலில் ஹெப்பகோடியில் இறங்கிவிடலாம். அப்படி வேலைக்குப் போகிற விஞ்ஞானிகளில் நாற்பதை நெருங்குகிற பலர் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: தன் கையால் சோதனை செய்வதை விட்டுவிட்டு, ஒரு குழுவை நடத்தும் பொறுப்பை ஏற்பதா, வேண்டாமா? ஏற்றுக்கொண்டவரைப் பற்றிக் கூடப் படித்தவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது தெரிந்ததுதான். சயின்ஸை விட்டுவிட்டார், மேனேஜர் ஆகிவிட்டார் என்பார்கள். சம்பளத்துக்காகத் தடம் மாறிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் அதில் ஒளிந்திருக்கும். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆராய்ச்சிக் குழுவை நடத்துவது அறிவியலுக்குள்ளேயே இருக்கிற ஒரு வேலை. ‘இது சரிவராது, நிறுத்திவிடலாம்’ என்ற செய்தி, அதை முதலில் கண்டவரிடமிருந்து தடையில்லாமல் மேலே வந்துசேரும்படி பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலையில் முக்கியமானது. அது முடியாதென்றால் அந்த நாற்காலியில் உட்காராமல் இருப்பதே நல்லது.

தையல் வரிசையில் மேற்பார்வை எப்படி நடக்கிறது என்பது ஊரறிந்தது. மணிக்கு இத்தனை காலர், இத்தனை கை என்று டார்கெட் உண்டு. சட்டை எப்படி இருக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகிவிட்டதால் அங்கே எண்ணுவதற்கு அர்த்தம் இருக்கிறது. அங்கேயும் எண்ணிக்கையில் வராத செய்திகள் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு மத்திய அரசு கொண்டுவந்த கட்டுப்பாட்டை எதிர்த்து, 2016 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான கார்மெண்ட்ஸ் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், இதே சாலையை மறித்து நின்ற பிறகுதான் அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. உள்ளே சொல்ல வழியில்லாத மறுப்பு தெருவில்தான் வந்து நிற்கும். ஆய்வுக்கூடத்திலோ கிடைக்கப்போவது சட்டையா துணித்துண்டா என்பதே யாருக்கும் தெரியாது. காசநோய்க் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஈ.கோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் வேண்டும். தட்டில் கண்ணுக்குத் தெரிகிற காலனி வர மூன்று வாரமாவது ஆகும். அந்த மூன்று வாரத்தை எந்த மேலாளராலும் இரண்டாக்க முடியாது. முடிந்தபின் வருகிற பதிலும் பெரும்பாலும் ‘இல்லை’தான்.

ஆனாலும் நிர்வாகம் எதையாவது எண்ணத்தான் செய்யும். மருந்து நிறுவனங்களில் நெடுநாள் எண்ணப்பட்டது, ஓர் ஆண்டில் எத்தனை மூலக்கூறுகள் அடுத்த கட்டத்துக்குப் போயின என்பது. எண்ணிக்கைக்குத்தான் பாராட்டு என்றால் அரைகுறையான மூலக்கூறையும் தள்ளிவிடத்தான் தோன்றும். அது கீழே விழுவதற்குள் தள்ளிவிட்டவர் வேறு பொறுப்புக்குப் போயிருப்பார். இதை ஒப்புக்கொண்டு வெளிப்படையாக எழுதிய நிறுவனம் அஸ்ட்ராசெனெகா. 2005 முதல் 2010 வரையிலான தன் திட்டங்களைத் தானே தோண்டிப் பார்த்து 2014-இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டது. மருந்தாகலாம் என்று தேர்வான மூலக்கூறுகளில் மூன்றாம் கட்டச் சோதனையை வெற்றிகரமாக முடித்தவை வெறும் 4 சதவீதம். எண்ணிக்கையை விரட்டியதுதான் ஒரு காரணம் என்று கண்டு, குறைவான திட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கடினமான கேள்விகளுக்கு முன்கூட்டியே உட்படுத்தினார்கள். 2012–2016 காலத்தில் அந்த விகிதம் 19 ஆயிற்று. அங்கே உண்மையைத் தேடுகிற பழக்கத்தை வளர்ப்பதும் தலைமையின் வேலை என்று எழுதிவைத்தார்கள்.

இந்தப் பழக்கம் வளர்வதோ கெடுவதோ மிகச் சின்ன இடத்தில். ஓர் இளம் ஆய்வாளர் ஒரே சோதனையை மூன்று முறை செய்கிறார். இரண்டில் மருந்து கிருமியைக் கொல்கிறது, மூன்றாவதில் கொல்லவில்லை. லேப் நோட்புக்கில் மூன்றும் இருக்கும். தேதி போட்டு, பக்கத்தின் அடியில் இன்னொருவர் சாட்சிக் கையெழுத்தும் வைத்திருப்பார். திங்கட்கிழமை ரிவ்யூ மீட்டிங்கில் திரையில் வருவது இரண்டுதான். மூன்றாவது, அவுட்லையர் என்ற பெயரில் ஒதுங்கிவிடுகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் குழுத்தலைவர் ‘அடுத்த கட்டம் எப்போது முடியும்?’ என்று கேட்டால், எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்ட வேண்டாம் என்பதை அறையில் இருக்கும் எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். ‘மூன்றாவது முறை செய்யவில்லையா, அதில் என்ன வந்தது?’ என்று கேட்டால் வேறொன்றைக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க, அந்தச் சோதனை எங்கெல்லாம் ஏமாற்றும் என்று தெரிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் பெஞ்சில் நின்றவருக்குத்தான் அது தெரியும். சயின்ஸை விட்டுவிட்டவரால் கேட்க முடியாத கேள்வி அது.

எஸ்.எல்.வி-3 கதை தமிழ் வாசகர் அனைவருக்கும் தெரியும். 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பத்திரிகையாளர்களைத் தானே எதிர்கொண்டார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது திட்ட இயக்குநர் அப்துல் கலாமை முன்னால் அனுப்பினார். தவானின் பெருந்தன்மையை நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கலாமே மேடைகளில் சொன்ன இன்னொரு பகுதியை அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்த முதல் ராக்கெட் புறப்படச் சில நிமிடங்கள் இருக்கையில் கணினி ஏவுதலை நிறுத்தி வைத்தது. கசிவு இருந்தாலும் எரிபொருள் கையிருப்பு போதும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். கணினியைத் தாண்டிப் போக கலாம் முடிவெடுத்தார். இரண்டாவது கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்தது. தவான் செய்தது விழுந்தபின் குழுவைக் காப்பது. அதற்கு ஈடு இல்லை. ஆனால், விழுவதற்கு முன்னால் ‘பொறுங்கள்’ என்று வந்த ஒரு சமிக்ஞைக்கு என்ன மதிப்புக் கொடுத்தோம் என்பதும் தலைமையைப் பற்றிய கேள்விதான், அதுவும் முந்தைய கேள்வி. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் புறப்படுவதற்கு முந்தைய இரவில் நடந்தது இதைவிடக் கொடியது. கடுங்குளிரில் ரப்பர் வளையங்கள் மூடாமல் போகலாம் என்று தயோகால் நிறுவனப் பொறியாளர்கள் எதிர்த்தார்கள். பொறியாளராக யோசிப்பதை விட்டு மேலாளராக யோசிக்கும்படி அங்கே ஓர் உயரதிகாரியிடம் சொல்லப்பட்டது. அவர் சம்மதித்தார். மறுநாள் ஏழு பேர் இறந்தார்கள். ஒருவர் மேலாளரானதும் தன் படிப்பைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் எதில் போய் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்கு எதிராக மூன்று விஷயங்கள் சொல்லப்படுகின்றன. மூன்றிலும் உண்மை உண்டு. முதலாவது, எண்ணிக்கை வேண்டாமென்றால் சோம்பேறித்தனம் ‘ஆராய்ச்சி’ என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பது. ஒளிந்துகொள்ளத்தான் செய்யும். வாடகை, சம்பளம், வேதிப்பொருள் எல்லாம் இன்னொருவர் பணம். ஆனால் 4-க்கும் 19-க்கும் உள்ள வித்தியாசமும் எண்ணிக்கைதான். நகர்த்திய கட்டங்களை எண்ணுகிறோமா, கடைசிவரை நின்றவற்றை எண்ணுகிறோமா என்பதுதான் பிரச்சினை. இரண்டாவது, தோல்வியைக் கொண்டாடினால் பொறுப்பு காணாமல் போய்விடும் என்பது. கொண்டாடச் சொல்லவில்லை, பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இன் விக்ரம் நிலவில் மோதியபின் இஸ்ரோ செய்தது அதுதான். எவையெல்லாம் தவறிப்போகலாம் என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் இடம்விட்டு வடிவமைத்தார்கள். அரைக் கிலோமீட்டர்ச் சதுரமாக இருந்த இறங்கும் பரப்பு நான்குக்கு இரண்டரை கிலோமீட்டராக விரிந்தது; கால்கள் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தைத் தாங்கும்படி வலுவாயின. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருக்க, 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. தோல்வியை மன்னித்துவிட்டுப் போயிருந்தால் இந்த அளவுகள் கிடைத்திருக்காது.

மூன்றாவதுதான் கனமானது. நம் ஊர் அலுவலகத்தில் ‘சார்’ சொன்னால் ‘சரி சார்’ என்பதுதான் பதில். மேலிருப்பவர் எத்தனை முறை கேட்டாலும் கீழிருப்பவர் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார் என்பார்கள். நிஜம். அதனால்தான் இளையவரின் துணிச்சலை நம்பி எதையும் நடத்தக் கூடாது. சோதனை தொடங்குவதற்கு முன்பே, எந்த முடிவு வந்தால் திட்டத்தை நிறுத்துவோம் என்று எழுதி, தலைவரும் கையெழுத்திட்டுவிட வேண்டும். பிறகு அந்த முடிவு வந்தால் யாரும் யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. எழுதியதைக் காட்டினால் போதும். இதைச் செய்ய மேல்நாட்டுப் பயிற்சி எதுவும் வேண்டாம். தன் ஆசைத் திட்டத்துக்கும் அப்படியொரு காகிதத்தில் கையெழுத்திடத் தலைவருக்கு மனம் வர வேண்டும், அவ்வளவே. அந்த மனம் வருவது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை.

அப்படி நடத்திய வாழ்க்கையில் கடைசியில் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்வி இருக்கிறது. பெயர் சொல்லும் மருந்து பெரும்பாலானோருக்குக் கிடைப்பதில்லை. தொற்றுநோய் மருந்துகளைத் தேடிக்கொண்டிருந்த அஸ்ட்ராசெனெகாவின் பெங்களூரு ஆய்வு மையத்தை மூடப்போவதாக 2014 ஜனவரியில் அறிவித்தார்கள். காசநோய்க்கும் மலேரியாவுக்கும் செலவிட்ட ஆண்டுகள் ஓர் அறிவிப்பில் முடிந்ததுபோல இருந்தது. ஆனால், கிருமியின் செல்சுவரைக் கட்டும் ஒரு நொதியைத் தடுக்கும் மூலக்கூறு அங்கே கண்டறியப்பட்டிருந்தது. டிபிஏ-7371 என்ற பெயரில் மற்றவர்கள் கையில் அது மனிதர்களிடம் சோதிக்கும் கட்டம்வரை போனது. அங்கே பணியாற்றிய சிலர் பக்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களுக்குப் புதிய மருந்து தேடுகிறார்கள். ஒரு மூலக்கூறு கைமாறும்போது கூடவே போவது நோட்புக்கும் தரவும். தோற்ற சோதனைகளும் அதில் உள்ளபடி இருந்தால்தான் அடுத்தவர் அதை நம்பி எடுத்துக்கொள்ள முடியும். ஆகவே பொறுப்பை ஏற்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறவர், சம்பளத்தையும் பதவியின் பெயரையும் பார்த்த பிறகு இரண்டு கேள்விகள் கேட்கலாம்: கடந்த மூன்று ஆண்டுகளில் இங்கே எந்தத் திட்டத்தை நிறுத்தினீர்கள், நிறுத்தச் சொன்னவர் இப்போது என்ன பொறுப்பில் இருக்கிறார்?