கடுகில் காரம் எங்கே இருக்கிறது?

எள்ளில் எண்ணெய் முன்னமே இருப்பதால்தான் செக்கில் ஆட்டும்போது அது வெளிப்படுகிறது, மணலை எவ்வளவு ஆட்டினாலும் எண்ணெய் வராது என்பது, காரியம் காரணத்திலேயே அடங்கியுள்ளது எனும் சற்காரியவாதத்தை நிறுவச் சாங்கியர் காட்டும் சான்று. சைவ சித்தாந்தமும் இக்கொள்கையை ஏற்கிறது. இல்லாதிருந்த காரியமே புதிதாகத் தோன்றுகிறது எனும் அசற்காரியவாதம் நியாய வைசேடிகருடையது. எள்ளின் இடத்தில் கடுகை வைத்தால் இவ்வழக்கு அவ்வளவு எளிதில் தீர்வதில்லை.

உடையாத கடுகில் மூக்கில் ஏறும் காரம் இல்லை. கந்தகமும் சர்க்கரையும் இணைந்த சினிகிரின் எனும் சேர்மமே அதில் உள்ளது. அதைப் பிளப்பது மைரோசினேஸ் எனும் நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தித் தான் செலவழியாமல் எஞ்சும் புரதம். கடுகுக் குடும்பத்துச் செடிகளில் இந்நொதி ‘மைரோசின் செல்கள்’ எனும் தனிவகைச் செல்களில் தங்குவதைப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லியோன் கின்யார் 1890-இல் எடுத்துக்காட்டினார். அக்குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில் இந்நொதி, உணவைக் கடத்தும் புளோயம் திசுவை ஒட்டிய மைரோசின் செல்களிலும், இலைத்துளைகளின் காப்புச் செல்களிலும் காணப்பட, சினிகிரினைப் போன்ற சேர்மங்களோ பெரும்பாலும் வேறு செல்களில் தேங்கியுள்ளன. பச்சைக் கடுகை நீர்விட்டு அரைக்கும்போது இடைச்சுவர்கள் உடைந்து, இரண்டும் கலந்து, சர்க்கரை பிரிந்து, எஞ்சிய பகுதி உருமாறிக் காரமாகிறது. கொதிக்கும் எண்ணெயில் தாளித்த கடுகிலோ நொதி வெப்பத்தால் முன்னரே சிதைந்துவிடுவதால் அக்காரம் எழுவதில்லை.

குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது சித்தாந்தம் வகுத்த முறை. அவ்வாறே சினிகிரினை முதற்காரணமாகவும், செலவழியாத நொதியைத் துணைக்காரணமாகவும், அரைப்பவரை நிமித்த காரணமாகவும் கொள்ளலாம். காரத்தின் கந்தகமும் கரியும் நைட்ரஜனும் முன்பே இருந்தவை ஆதலால் சற்காரியவாதி சூக்கும நிலையில் காரம் உண்டென்பார். அரைக்கும்வரை கார மூலக்கூறு இல்லை ஆதலால் நியாய வைசேடிகர் அதைப் புதுத் தோற்றம் என்பார். எனினும், மண்ணும் சக்கரமும் ஒரே வீட்டில் இருந்தும் சுவர் நிற்கும்வரை குடம் உருவாகாத நிலையை இவ்விதை காட்டுகிறது. எனவே காரணத்துள் காரியம் உண்டா எனக் கேட்பவர், அக்காரணங்கள் எங்கெங்கே வைக்கப்பட்டுள்ளன என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்; பச்சைக் கடுகைப் பொறுத்தவரை, காரம் எழுவதும் எழாததும் அந்த இடைச்சுவரைப் பொறுத்தவையே.