திருப்பி அனுப்பப்பட்டவள்

இல்லங்களின் உள்ளறைகளில் நிகழும் கொடுமைகளை நாடகம் மேடைக்குக் கொண்டு வரும்போது, சமயப் பற்றுள்ளோர் பலர் முகம் சுளிப்பதுண்டு. நார்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் 1881-இல் வெளியிட்ட 'ஆவிகள்' நாடகத்திற்கும் அதுவே நேர்ந்தது. ஸ்காண்டிநேவிய அரங்குகள் ஏற்க மறுத்தமையால், 1882-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில்தான் அது முதன்முதலில் மேடையேறிற்று. ஆயினும் அந்நாடகம் எழுப்பும் வினா, இறைமக்களாகிய நாம் ஒதுக்கிவிடக் கூடியதன்று. துன்புறும் மனைவியைப் 'பொறுத்துக்கொள்' என்று சொல்லிக் கணவன் வீட்டிற்கே திருப்பி அனுப்புவது அறமாகுமா?

ஆல்விங் அம்மையார் மணமாகி ஏறத்தாழ ஓராண்டில், குடியிலும் காமத்திலும் மூழ்கிய கணவரை விட்டு, மாண்டர்ஸ் என்னும் லூத்தரன் சபைப் போதகரிடம் ஓடி வருகிறார். போதகர் மனைவியின் கடமையை எடுத்துரைத்து அவரைத் திருப்பி அனுப்புகிறார். அதன்பின் அக்கணவர் உயிரோடிருந்த காலமெல்லாம் போதகர் அவ்வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. கணவர் திருந்திவிட்டார் என்றே நம்பியிருக்கிறார். உள்ளே நடந்ததோ வேறு. பணிப்பெண் ஜோஹன்னா வீட்டுத் தலைவராலேயே கெடுக்கப்பட்டாள். கருவுற்ற அவள் கையில் பணம் கொடுத்து அனுப்பப்பட்டு, ஒரு தச்சனுக்கு மனைவியானாள். நஞ்சேறிய அக்காற்றில் வளரக் கூடாதென்று, சின்னஞ்சிறு மகன் ஆஸ்வால்டைத் தாய் தம்மைவிட்டுத் தொலைவில் வளரச் செய்தார். கணவர் இறந்தபின் அவர் பெயரால் ஓர் அநாதை இல்லமும் கட்டினார்.

ஆண்டுகள் பல கழிந்து, தந்தையின் தீய வாழ்வு விட்டுச் சென்ற நோயோடு மகன் வீடு திரும்புகிறான். முன்பு கணவரும் ஜோஹன்னாவும் இருந்த நிலையை எவ்வாறு கேட்டாரோ, அவ்வாறே இப்போது மகனும் பணிப்பெண் ரெஜினாவும் இருப்பதை அடுத்த அறையிலிருந்து தாய் கேட்கிறார். ரெஜினா ஜோஹன்னாவின் மகள். ஆஸ்வால்டுக்குத் தந்தைவழித் தங்கை. நாடகத்தின் மூலத் தலைப்பிற்கு 'மீண்டும் வருபவர்கள்' என்பதே பொருள். மூடி மறைத்த தீமை பிள்ளைகளிடம் மீண்டும் வந்து நிற்கிறது. மனைவி, பணிப்பெண், அவள் மகள் ஆகிய மூன்று பெண்கள் விலை கொடுக்க, ஓர் ஆணின் நற்பெயர் காக்கப்பட்டது.

மாண்டர்ஸ் கொடியவர் அல்லர்; ஊரார் வாய்க்கு அஞ்சியவர். அநாதை இல்லத்திற்குக் காப்பீடு செய்தால், இறைப் பராமரிப்பில் நம்பிக்கை இல்லாதவர்கள் என்று பேசுவார்களே என அஞ்சி, அதுவும் வேண்டாமென்கிறார். திறப்பு விழாவிற்கு முன்னரே இல்லம் எரிந்து சாம்பலாகிறது. இந்த அச்சத்தைத்தான் அவர் பக்தி என்று எண்ணியிருந்தார்.

இவ்வினா லூத்தரன் சபைக்கு மட்டும் உரியதன்று. திருமணப் பிணைப்பு முறிவுபடாதது என்பது நம் விசுவாசம், அதில் ஐயமில்லை. ஆனால் பிணைப்பு நிலைத்திருப்பது வேறு. அடிக்கும் கைக்கு எட்டும் தொலைவில் மனைவி நின்றே ஆகவேண்டும் என்பது வேறு. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலும் ஆன்மாவிலும் கடும் இடர் விளைவிப்பவரை விட்டுப் பிரிந்து வாழ, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153-ஆம் எண் இடமளிக்கிறது. தாமதம் ஆபத்தானால் ஆயரின் ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பிரிவு இறுதி வழியே என்றாலும், வன்முறையிலிருந்து வலுவற்றோரைக் காக்க அது சில வேளைகளில் அறநெறிக் கடமையே ஆகிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் 'அமோரிஸ் லெத்தீசியா' என்னும் ஊக்கவுரையில் கற்பித்தார்.

'இது உன் சிலுவை' என்று சொல்லுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டவர் தம் சிலுவையைத் தாமே மனமுவந்து ஏற்றார். பிறர் தோளில் சுமையை ஏற்றிவிட்டு ஒதுங்கி நின்றோரையோ அவர் கடிந்துரைத்தார்.

'பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்ளம்மா' என்னும் சொல்லை நம் வீடுகளில் தாய் சொல்லுகிறாள். பங்குப் பெரியவர்கள் சொல்லுகிறார்கள். குருக்கள் வாயிலும் அது வருவதுண்டு. இனி அச்சொல்லுக்கு முன் சில கேள்விகள் எழட்டும். இன்றிரவு அவள் எங்கே பாதுகாப்பாக உறங்குவாள்? கணவனிடம் பேசியவர் யார்? அவன் திருந்தியதற்குச் சான்று என்ன? 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்பு ஆணை பெறவும், கணவனோடு வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து தங்கவும் அவளுக்கு உரிமை தருகிறது. 181 என்னும் உதவி எண்ணையும் அவளுக்குச் சொல்லுவோம். ஒப்புரவு நல்லதே, ஆனால் அதற்கான முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவன் கை ஓங்கியவன். அவ்வாறு மனம் ஒப்பி அவள் திரும்பிச் சென்றாலும், அடுத்த வாரமும் அடுத்த மாதமும் அவ்வீட்டு வாசலுக்கு நாம் சென்று பார்ப்போமாக.