முதலில் சாக்கைக் கழற்று!

உன்னிடம் நல்ல துப்பாக்கி இல்லை. அதனால்தான் நீ இன்னும் குறிபார்க்கத் தொடங்கவில்லை. அப்படித்தானே சொல்கிறாய்?

பொய்!

கையில் எடுத்துச் சுட்டால் உன் லட்சணம் தெரிந்துவிடும். அந்தப் பயம்தான் உன்னைத் திண்ணையிலேயே உட்கார வைத்திருக்கிறது.

ராத்திரி முழுக்க செல்போனில் என்ன பார்க்கிறாய்? அமெரிக்காக்காரன் ஒருவன் .22 செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளைப் பிரித்து மேசைமேல் பரப்புகிறான். பேரலை மாற்றுகிறான், டிரிகரை மாற்றுகிறான், ஸ்டாக்கை மாற்றுகிறான்.

1964-ல் வந்த ரூகர் 10/22 அது. இரண்டு திருகைக் கழற்றினால் பேரல் கையோடு வந்துவிடும். நீ பெருமூச்சு விடுகிறாய். ‘அங்கே பிறந்திருந்தால் நானும்...’ என்கிறாய்.

நிறுத்து!

நம் நாட்டில் அந்த ரகம் தடை செய்யப்பட்ட ஆயுதம். உரிமம் இல்லாமல் வீட்டில் துப்பாக்கி செய்தால், 2019-ல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டம் ஏழாண்டுக்குக் குறையாமல் உள்ளே தள்ளும். அந்த ஆசையை இன்றோடு விடு.

அது கிடைத்தால்தான் என்ன? ஒலிம்பிக் ரைஃபிள் போட்டியில் ஒவ்வொரு குண்டாகக் கையால் போட்டுத்தான் சுட வேண்டும். அங்கே உன் செமி ஆட்டோமேட்டிக்கை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

‘நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? நாம் நெல்லு போடுகிற ஜனம்’ என்கிறாயா?

தஞ்சாவூர் பீரங்கி மேட்டுக்கு ஒருமுறை ஏறிப் பார். நாயக்கர் காலத்துப் பீரங்கி இன்னும் கிடக்கிறது. அதை வார்க்கவில்லை! இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே வளையம் வளையமாகப் பூட்டி, காய்ச்சி அடித்துச் சேர்த்தார்கள். ஒரு பட்டை சரியில்லை என்றால் மொத்தமும் வெடித்துச் சிதறும். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பாகம் பொறுக்கிய ஊர் இது!

திருச்சி நவல்பட்டில் 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை ஓடுகிறது. உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். சம்பந்தம் இல்லையாம்!

அடுத்த சாக்கு என்ன? ‘அதெல்லாம் ராஜ வம்சத்து விளையாட்டு.’

புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்திலிருந்து பிருத்விராஜ் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். உண்மைதான். அதே பாரிஸில் 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கினாரே ஸ்வப்னில் குசாலே, அவர் எந்த அரண்மனை? கோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமம். அப்பா பள்ளி ஆசிரியர். ஸ்வப்னிலுக்கு அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை!

இப்போது சொல். இன்னும் என்ன சாக்கு மிச்சம் வைத்திருக்கிறாய்?

ஏர் ரைஃபிளில் தொடங்கு. 4.5 மில்லிமீட்டர் குண்டு, 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல். அதற்கு ஆயுத உரிமம் தேவையில்லை. .22 வேண்டுமானால் உரிமம் வேண்டும், ரைஃபிள் கிளப் வேண்டும், வருடங்கள் வேண்டும். அது பிறகு.

பத்து மீட்டர் இடம் போதும். முப்பத்துமூன்று அடி. நெல் மூட்டை அடுக்கும் கூடத்தை அளந்து பார்!

பின்னால் சுவர் இருக்க வேண்டும். குண்டு தெறிக்காமல் பிடிக்கும் பெட்டி இருக்க வேண்டும். குறுக்கே ஆள் நடமாட்டம் கூடாது. இதில் மட்டும் சமரசமே கிடையாது.

இனி பாகங்களுக்கு வா. எதை முதலில் தேர்ந்தெடுப்பாய்? பேரலையா? விலை உயர்ந்த சைட்டையா?

இல்லை! காசில்லாமல் சரிசெய்யக் கூடியதை முதலில் சரிசெய். நீ அதைத்தான் தொடவே மாட்டேன் என்கிறாய்.

குண்டு போடாத ரைஃபிளைத் தோளில் வை. கண்ணை மூடு. கன்னத்தை ஸ்டாக்கில் பதி. இப்போது கண்ணைத் திற.

பின் சைட்டின் துளைக்கு நடுவில் உன் கண் நிற்கிறதா? கழுத்தை வளைத்துத் தேடுகிறாயா? தேடினால் கன்னக் கட்டை தப்பு. ஆலன் கீயை எடு. ஏற்று, இறக்கு, மறுபடி பார்.

தோளில் பதியும் தட்டு எட்டுகிறதா? எட்டவில்லை என்றால் நீ இழுத்துப் பிடிப்பாய். இழுத்துப் பிடித்தால் தசை நடுங்கும். தசை நடுங்கினால் குண்டு எங்கே போகும்?

மறுபடி கண்ணை மூடு. இரண்டு மூச்சு விடு. திற. முன் சைட் இடப்பக்கம் போயிருக்கிறதா? கையால் தள்ளாதே! காலை நகர்த்து. உடம்பு தானாக நிற்கும் இடத்தில் குறி இருக்க வேண்டும்.

முன் சைட்டில் போடும் வளையம் எப்படி? புதியவர்கள் எல்லோரும் சின்ன வளையத்தைத்தான் எடுக்கிறார்கள். கறுப்பு வட்டத்தை ஒட்டி இறுக்கமாக இருந்தால் துல்லியம் என்று நினைப்பு.

நடப்பது என்ன? இம்மி அசைந்தாலும் கண்ணுக்குப் பூதாகரமாகத் தெரியும். விரல் உறையும். ‘இன்னும் கொஞ்சம் நிற்கட்டும்’ என்று காத்திருப்பாய். மூச்சு முட்டும். கடைசியில் பயந்துபோய் டிரிகரை வெடுக்கென்று இழுப்பாய்!

பெரிய வளையத்தைப் போடு. கறுப்பைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரியட்டும். அசைவை ஏற்றுக்கொள். அசையாத மனிதன் உலகத்தில் எவனும் இல்லை.

அப்புறம் குண்டு. நானாக இருந்தால் கையில் வரும் முதல் காசை இதில்தான் போடுவேன்.

4.49, 4.50, 4.51 என்று தலை அளவு மாறும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்! ஒரு பேரலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. .22-லும் அதே கதைதான். ஒரே கம்பெனி, ஒரே பெயர், தயாரிப்புத் தொகுதி எண் மாறினால் விழும் இடம் மாறும்.

உன் அப்பா சம்பா விதையை அப்படியே கொண்டுபோய் நாற்றங்காலில் கொட்டுகிறாரா? உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு, அந்தத் தண்ணீரில் விதையைப் போட்டு, மிதக்கும் பதரை வழித்து எறிகிறாரே! அந்தப் பொறுமை உன் ரத்தத்தில் இல்லையா?

ரைஃபிளை அசையாமல் இடுக்கியில் பூட்டு. ஒவ்வொரு ரகத்திலும் பத்துப் பத்துக் குண்டு சுடு. எந்த ரகத்தின் ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன என்று பார்.

இங்கேதான் நீ ஓடப் பார்ப்பாய்.

இடுக்கியில் பத்தும் ஒரே ஓட்டையில் விழுந்துவிட்டால்? அதே ரைஃபிள், அதே குண்டு உன் கைக்கு வந்ததும் சிதறினால்? இனி யார்மேல் பழி போடுவாய்?

ஏர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர். பேனாவால் தொட்ட ஒரு பொட்டு! அதைத் தவறவிட்டது பேரல் இல்லை என்று தெரிந்துவிடும். வலிக்கும். வலிக்கட்டும்!

அபினவ் பிந்த்ராவுக்கு வலிக்கவில்லையா? 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை போய் ஏழாவதாக வந்தார். காலடியில் இருந்த தரைப்பலகை தளர்ந்திருந்ததாம். வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியப் போதுமான காரணம் அது!

அவர் திரியவில்லை. நான்கு ஆண்டுகள் உழைத்தார். 2008 பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்கு முன் சோதனைக் குண்டு சுட்டால் 4-ல் போய் விழுகிறது! சைட் கலைந்திருந்தது. கூச்சல் போட்டாரா? திருகைத் திருப்பினார். கடைசிக் குண்டுக்குப் போகும்போது எதிர்ப் போட்டியாளர் ஹக்கினென்னோடு சமநிலை. 10.8 சுட்டார். ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம்!

காரணம் கையில் கிடைத்தும் அதைக் கீழே போடுகிறவன்தான் எழுந்திருக்கிறான்.

கடலூரில் பிறந்த பெண் இளவேனில் வாலறிவன். டோக்கியோவில் 16-ஆம் இடம். பாரிஸில் 630.7 சுட்டும் பத்தாவது. இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? ரைஃபிளை விற்றிருப்பாய்!

அவர் 2025-ல் கஜகஸ்தானில் ஆசிய சாம்பியன்ஷிப் தங்கம் வாங்கினார்.

தம்பி, தங்கச்சி, உன்னைத்தான் கேட்கிறேன். திருச்சியில் ரைஃபிள் கிளப் இருக்கிறது. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி வண்டிக்குப் பஞ்சமே இல்லை.

எந்த வண்டியில் ஏறப் போகிறாய்?