கச்சை கச்சாகிறது!

ஜப்பான் நாட்டுப் பெண்டிர் கிமோனோ உடையின்மீது சுற்றிக் கட்டும் கச்சைக்கு ஓபி என்று பெயர். நான்கு மீட்டருக்கு மேல் நீளம். ஏறத்தாழ ஓரடி அகலம். கியோட்டோ நகரத்து நிஷிஜின் தறிகளில் பட்டும் பொன்னிழையும் பின்னிப் பிணைய நெய்யப்படுவது. பொன்னிழை என்றால் பொற்கம்பியன்று. தாளின்மீது பொன் தகட்டை ஒட்டி, மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, ஊடையாகச் செலுத்தும் இழை! உழைப்பாளியின் கைத்திறனுக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கிமோனோ இன்று அங்கே அன்றாட உடையன்று. மணநாளிலும் விழாநாளிலும்தான் பெரும்பாலோர் உடுத்துகின்றனர். எனவே, பெட்டியில் உறங்கிய பழைய ஓபிகள் விலைக்கு வருகின்றன. அவற்றை வாங்கி, கார்செட் எனும் ஐரோப்பியக் கச்சைக் கையாலேயே தைக்கின்றனர் தையற் கலைஞர் சிலர். மார்பிலிருந்து இடுப்புவரை உடலை இறுக்கிப் பிடிக்கும் கச்சு அது. குறுகிய துண்டுகளை இணைத்தே அதைத் தைக்கவேண்டும். ஆகவே ஓரடி அகலத் துணி அதற்குப் பொருந்திவிடுகிறது. உள்ளே உறுதியான பருத்தித் துணி. இடையிடையே எஃகுப் பட்டைகள். முதுகுப்புறம் இழுத்துக் கட்டக் கயிறு. கச்சை, கச்சாகிறது!

"பழையதைப் பாழாக்காமல் புதியதாக்கும் அறிவு!" என்று பாராட்டுவர் ஒரு சாரார். "அறிவா? கிழக்கின் விலங்கை உருக்கி மேற்கின் விலங்காக வார்த்திருக்கிறார்கள்!" என்று சீறுவர் மறு சாரார். எவர் சொல் மெய்?

சீறுவோர் பக்கம் வரலாறு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், எஃகாலும் திமிங்கிலத் தாடைத் தகட்டாலும் விறைப்பேற்றிய கச்சுக்குள் பெண்ணின் விலா எலும்புகள் நெருக்குண்டன. கச்சு அணியாதவளை ஒழுக்கம் குறைந்தவள் என்று பழித்தது ஊர். அந்தக் கொடுமையை எதிர்த்து 1881இல் இலண்டனில் ஒரு சங்கம் எழுந்தது. அதன் பெயர் என்ன தெரியுமோ? பகுத்தறிவு உடைச் சங்கம்! பெண்ணின் உள்ளாடைகள் ஏழு பவுண்டு எடைக்கு மேல் போகலாகாது என்று அது கேட்டது. மூன்று கிலோவுக்கு மேற்பட்ட சுமையே சலுகை என்றால், அதுவரை சுமந்தது எவ்வளவு!

ஆயினும் நாம் கேட்கிறோம்: துணிதான் விலங்கென்றால், துணி குறைந்த இடத்தில் விடுதலை மிகுந்திருக்கவேண்டும் அன்றோ? தென் திருவிதாங்கூரைப் பாருங்கள். கல்குளமும் இரணியலும் இன்று நம் குமரி மாவட்டம். அங்கே நாடார் உள்ளிட்ட குலப் பெண்கள் தோளில் சீலை போடலாகாது என்றது சாதி. மீறியவர்களின் சீலை பலர் காணக் கிழிக்கப்பட்டது. 1822இல் மூண்ட போராட்டம் 1859வரை அடங்கியும் எழுந்தும் எரிந்தது. சென்னை ஆளுநர் டிரெவிலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலையில் மன்னரின் அறிவிப்பு வந்தது: மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்டிர் அணியும் முறையில் அணியலாகாது! சீலையைக் கொடுத்த கையே, அதைப் போடும் விதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டது.

இலண்டனில் துணியின் இறுக்கம் விலங்கு. கல்குளத்தில் துணியின் இன்மை விலங்கு. அப்படியானால் விலங்கு துணியில் இல்லை, தோழர்காள்! ஆணையில் இருக்கிறது.

ஆகவே எந்த உடைக்கும் ஓர் உரைகல் வைப்போம். அணிந்தால் அடி விழுமா? அவிழ்த்தால் பழி வருமா? இரண்டுக்கும் 'இல்லை' என்பது விடையானால், அது ஆடை. ஒன்றுக்கேனும் 'ஆம்' என்றால், அது விலங்கு. பட்டாயினும் சரி, பருத்தியாயினும் சரி.

"விருப்பம் என்பதே ஊட்டப்பட்டதாயிற்றே! பழக்கிவிட்டால் அடிமையே விலங்கைக் கேட்டு வாங்குவாளே!" என்று மடக்கலாம். உண்மை. இடை சிறுக்கவேண்டும், நிறம் வெளுக்கவேண்டும் என்று விளம்பரம் இன்று தேன் குரலில் ஆணையிடுகிறது. அதற்கு மருந்து என்ன? இன்னோர் ஆணையா? இறுக்கம் உடலை என்ன செய்யும் என்று எடுத்துச் சொல்வோம். யார் இலாபத்துக்காக இடை சிறுக்கிறது என்று கேட்கக் கற்பிப்போம். அறிவு வழங்குவது நம் கடமை. முடிவு அவளுடையது. அம்முடிவு நமக்குப் பிடிக்காமற் போகலாம், போகட்டும்!

மேடையில் பெண்ணுரிமை முழங்கிவிட்டு, வீட்டில் தங்கையின் உடையை அளந்து பார்க்கும் தோழர்கள் இல்லையா? ஆசிரியை சேலையன்றி வேறு உடுத்தினால் புருவம் உயர்த்தும் ஊர்கள் இல்லையா? நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது சாதியின் பழைய குரல். அது சீர்திருத்தக்காரன் தொண்டையிலிருந்து வந்தாலும் சாதியின் குரல்தான்.

நாம் வாழும் முதுகுன்றம், விருத்தாசலம் என்று வழங்கப்படும் இவ்வூர், பீங்கானுக்குப் பேர்போனது. இங்குள்ள தொழிலாளி அறிவார்: ஈரக் களிமண்ணை எப்படியும் திருத்தலாம், சூளையில் வெந்துவிட்டால் உடைக்கலாமே தவிர, மீண்டும் பிசைய இயலாது. பழமைவாதி மரபைப் பீங்கான் என்றே கருதுகிறான், "தொடாதே, உடையும்!" என்கிறான். நம்மில் சிலரும் பீங்கான் என்றே கருதுகின்றனர், "உடைத்துப் போடு!" என்கின்றனர். ஓபியைப் பிரித்துத் தைக்கும் கை இருவருக்கும் விடை சொல்கிறது: மரபு பீங்கானன்று, துணி. தையலைப் பிரிக்கலாம்; இற்றுப்போனதை வெட்டி எறியலாம்; நெசவாளியின் திறம் மிளிரும் பகுதியைப் போற்றிப் புதிதாகத் தைக்கலாம். கூடவே வந்த கட்டளையை மட்டும் தைக்காமல் விடவேண்டும்.

கச்சாகட்டும், கச்சையாகட்டும், சீலையாகட்டும். இனி எந்தப் பெண்ணின் உடையைப் பற்றியும் வாய் திறக்குமுன் நாம் பார்க்கவேண்டியது ஒன்றே: கயிற்றின் நுனி யார் கையில் இருக்கிறது? அணிந்தவள் கையில் இருந்தால், நமக்கு அங்கே வேலையில்லை. வேறெவர் கையில் இருந்தாலும், அங்கேதான் நம் வேலை!